பட்டனா, சிப்பியா, பால் காளானா? புரதத்துக்காகக் காளான் வாங்குபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

முட்டை, கறி சேராத வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "பனீர் விலை ஏறிக்கொண்டே போகிறது, பருப்பு என்றால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். காளான் வாங்கினால் புரதத்துக்குப் போதுமா? போதும் என்றால் எந்தக் காளான்?" கேட்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே வாரம் இரண்டு மூன்று பாக்கெட் வாங்கிக்கொண்டிருப்பவர்கள்.

இதில் இரண்டு முடிவுகள் கலந்து கிடக்கின்றன. காளான், பருப்புக்கோ முட்டைக்கோ பனீருக்கோ மாற்றாகுமா என்பது ஒன்று. காளான் வாங்குவதென்று ஆன பிறகு எந்த வகை என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில்: ஆகாது. இரண்டாவதற்கு அவரவர் வீட்டைப் பொறுத்துப் பதில் மாறும். ஏன் என்று பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது?

தட்டில் விழும் புரதம். பச்சைக் காளானில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். 100 கிராம் பட்டன் காளானில் சுமார் 3 கிராம் புரதம். சிப்பியிலும் அதே அளவுதான், கொஞ்சம் முன்பின் இருக்கும். "காளானில் 30 சதவீதம் புரதம்" என்று எங்காவது படித்தால், அது தண்ணீர் முழுக்க வற்றிய உலர் எடைக்கான கணக்கு. ஒரு கிலோ பச்சைக் காளான் காய்ந்தால் ஏறத்தாழ 100 கிராம்தான் மிஞ்சும்.

அந்தப் புரதத்தில் எவ்வளவு உண்மை. ஆய்வகத்தில் புரதத்தைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். பருப்புக்கும் கறிக்கும் இந்தக் கணக்கு ஓரளவு சரிப்படும். காளானின் செல் சுவரிலோ கைட்டின் இருக்கிறது. நண்டு, இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள்தான். அதிலும் நைட்ரஜன் உண்டு, ஆனால் அது புரதம் இல்லை. அதனால்தான் காளானுக்கு 4.38 என்ற சிறிய எண்ணால் பெருக்குகிறார்கள். வித்தியாசத்தைப் பாருங்கள்: 100 கிராம் உலர் காளானில் 5 கிராம் நைட்ரஜன் இருந்தால், பழைய கணக்கில் 31 கிராம் புரதம், திருத்திய கணக்கில் 22 கிராம்கூட முழுசாக வராது. விளம்பரங்களில் வரும் பெரிய எண்கள் பலவும் முதல் கணக்கில் வந்தவை.

தரம். நம் உடலால் தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் காளானில் இருக்கின்றன. இது உண்மை, செடிகொடி உணவுகளோடு ஒப்பிட்டால் பாராட்ட வேண்டிய விஷயமும்கூட. லைசின் நல்ல அளவில் இருக்கிறது. பெரும்பாலும் குறைவது மெத்தியோனின், சிஸ்டைன் என்ற கந்தகம் கொண்ட இரண்டும்தான். அப்புறம் செரிமானம். கைட்டின் சுவருக்குள் அடைபட்டிருப்பதால் காளான் புரதம் முட்டை, பால் புரதத்தைப் போல முழுமையாகச் செரிப்பதில்லை. நன்றாக வேகவைத்தால், பொடியாக நறுக்கினால் நிலைமை கொஞ்சம் மேம்படும்.

கூடவே வருவது. நார்ச்சத்து, பி வைட்டமின்கள், பொட்டாசியம், தாமிரம், செலினியம். காளானின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு. விலை, கெட்டுப்போகும் வேகம், சமைக்கும்போது ஊற்றும் எண்ணெய்.

## முதல் முடிவு: பருப்பு, முட்டை, பனீருக்குப் பதிலாகக் காளானா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம்.

இப்போது ஒரு 200 கிராம் பாக்கெட்டை நாலு பேர் வீட்டில் மிளகு வறுவலாகச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 50 கிராம். அதில் புரதம் ஒன்றரை கிராம். அதே தட்டில் 100 கிராம் அரிசியில் வடித்த சோறு இருந்தால், அந்தச் சோறே 7 கிராமுக்கு மேல் புரதம் தருகிறது. நாம் புரதம் என்று நினைத்து வைத்த தொட்டுக்கையைவிடச் சோற்றில் நாலைந்து மடங்கு அதிகம். காளானைப் புரதத்துக்காக நம்பியிருப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே போதும்.

கீழே உள்ள அட்டவணையில் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். வரிசை பெரிதாக மாறாது.

| உணவு | ஒருவர் ஒரு வேளைக்குச் சாப்பிடும் அளவு | அதில் புரதம் | எடுத்துக்கொண்ட விலை | ஒரு கிராம் புரதத்துக்கு | செரிமானம் |
|---|---|---|---|---|---|
| காளான் | 50 கிராம் (பச்சை) | 1.5 கிராம் | 200 கிராம் 50 ரூபாய் | சுமார் 8 ரூபாய் | நடுத்தரம் |
| பனீர் | 50 கிராம் | 9 கிராம் | 200 கிராம் 100 ரூபாய் | சுமார் 2.80 ரூபாய் | மிக நன்று |
| முட்டை | ஒன்று | 6 கிராம் | ஒன்று 7 ரூபாய் | சுமார் 1.15 ரூபாய் | மிக நன்று |
| துவரம்பருப்பு | 30 கிராம் (வேகாதது) | 6.5 கிராம் | கிலோ 160 ரூபாய் | சுமார் 75 காசு | நடுத்தரம் |
| நிலக்கடலை | 30 கிராம் | 7 கிராம் | கிலோ 160 ரூபாய் | சுமார் 70 காசு | நடுத்தரம் |
| சோயா உருண்டை | 20 கிராம் (உலர்) | 10 கிராம் | 200 கிராம் 50 ரூபாய் | சுமார் 50 காசு | நன்று |

புரதத்துக்காக மட்டும் பணம் செலவழிப்பவர் காளானில் மற்றவற்றைவிடப் பல மடங்கு கொடுக்கிறார். விலை பாதியாகக் குறைந்தாலும் பனீரைவிட அதிகம்தான்.

சரி, தரத்தில் காளான் உயர்த்தி என்கிறார்களே? அரிசியில் லைசின் குறைவு, காளானில் அது நிறைவு என்பதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்யும் என்பது சரியான பேச்சு. ஆனால் ஈடு செய்ய அளவும் வேண்டும் அல்லவா? ஒன்றரை கிராம் புரதம் கொண்டுவரும் லைசின், தட்டுச் சோற்றின் குறையை அடைக்காது. அந்த வேலையை ஒரு கரண்டி சாம்பார் பருப்பு பல தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறது. பருப்பிலும் காளானிலும் குறைவது கந்தக அமினோ அமிலங்களே என்பதால், பருப்பும் காளானுமாக மட்டும் சாப்பிட்டு சோற்றையும் சப்பாத்தியையும் அடியோடு விடுபவர்களுக்குத்தான் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. எள்ளுப் பொடி அங்கே உதவும். எள்ளில் மெத்தியோனின் தாராளம்.

அப்படியானால் காளான் எப்போது மேல்? மூன்று இடங்களில்.

எடை குறைக்க முயல்பவருக்கு: 100 கிராம் பட்டனில் 22 கலோரி மட்டுமே. அதே எடை பனீரில் சுமார் 260-க்கு மேல் போகும், கொழுப்பும் அதிகம். கறிக்குழம்பு மாதிரியே வயிறும் வாயும் நிறைய வேண்டும், கலோரி ஏறக்கூடாது என்பவர்களுக்குக் காளானைப் போலக் கைகொடுப்பது குறைவு. பாதி பனீர், பாதி காளான் போட்டுச் செய்யும் குருமா நல்ல நடுவழி.

உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கு: காளானில் இயற்கையாக இருக்கும் குளூட்டமேட், நாக்குக்கு நிறைவான ருசி தருவதால் உப்பு குறைந்தது தெரியாது. இரத்த அழுத்தக்காரர்கள் உள்ள வீட்டில் இது பெரிய உதவி.

பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு: பனீருக்குப் பதில் ருசிக்குக் காளான், புரதத்துக்குச் சோயாவோ கொண்டைக்கடலையோ என்று இரண்டையும் சேர்த்து வைக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கடையில் சாப்பிடும் காளானை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோவைப் பக்கம் ரோட்டுக் கடையில் கிடைக்கும் காளானில் முட்டைக்கோசும் மைதாவும் எண்ணெயும்தான் பெரும்பங்கு. ருசிக்குச் சாப்பிடுங்கள், அதில் தவறில்லை. சத்துக்கு என்று பிள்ளைக்கு வாங்கித் தராதீர்கள்.

## இரண்டாவது முடிவு: எந்தக் காளான்?

புரதத்தில் மூன்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. வளரும் ஊடகம், பறித்த பருவம் இவற்றால் ஒரே வகைக்குள்ளேயே எண்கள் ஏறி இறங்கும். ஆகவே "எதில் புரதம் அதிகம்" என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மற்றவற்றைப் பாருங்கள்.

### பட்டன் காளான்

எங்கும் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். பி வைட்டமின்களில் ரைபோஃப்ளேவின், நியாசின், பான்டோதெனிக் அமிலம் மூன்றும் நன்றாக உண்டு. செலினியமும் உண்டு. நார்ச்சத்து 100 கிராமுக்கு ஒரு கிராம்தான்.

இது குளிர்விரும்பி. காய்ப்புக்கு 14 முதல் 18 டிகிரி வேண்டும். அதனால் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதியிலோ குளிரூட்டிய அறையிலோதான் வளரும். விலையில் அந்தக் குளிரும் சேர்ந்தே வருகிறது.

கடையில் பார்க்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். குடைக்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வு மூடியே இருந்தால் இளசு. சவ்வு கிழிந்து உள்ளே பழுப்பு மடிப்புகள் தெரிந்தால் முற்றியது. கெட்டுப்போனதென்று அர்த்தமில்லை, அன்றைக்கே சமைத்தால் ருசிகூட அதிகம். தொட்டால் பிசுபிசுத்தால் வேண்டாம். வெள்ளைவெளேரென்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். வெண்மை கெடாமல் இருக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் அலசி அனுப்பும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சல்பைட் ஆகாது. அவர்கள் வீட்டில் லேசாகப் பழுப்பேறிய, அலசாத காளானே நல்லது.

வயிறு உப்புசம் அடிக்கடி வருபவர்களுக்கும் ஒரு தகவல்: பட்டனில் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் அதிகம். அது சரியாக உறிஞ்சப்படாமல் குடலில் புளித்துக் காற்றை உண்டாக்கும். "காளான் எனக்கு ஒத்துக்காது" என்று மொத்தமாக ஒதுக்கியவர்கள், அடுத்து வரும் சிப்பியைச் சிறிது சாப்பிட்டுப் பார்க்கலாம். அதில் மானிட்டால் மிகக் குறைவு.

பச்சையாகச் சாலட்டில் போட வேண்டாம் என்பது என் கருத்து. பட்டனில் அகாரிட்டின் என்ற, உடலுக்கு ஆகாது எனச் சந்தேகிக்கப்படும் பொருள் இருக்கிறது. வேகவைத்தால் கணிசமாகக் குறையும். புரதமும் வேகவைத்தால்தான் நன்றாகச் செரிக்கும். வேகவைப்பதால் இழப்பது சிறிது, கிடைப்பது அதிகம்.

### சிப்பிக் காளான்

என்னைக் கேட்டால் நம் ஊருக்குச் சத்திலும் செலவிலும் முதல் தேர்வு இதுதான். நார்ச்சத்து பட்டனைவிட இரண்டு மடங்குக்கு மேல், 100 கிராமுக்கு 2.3 கிராம். நியாசினும் ஃபோலேட்டும் இரும்பும் அதிகம். நார்ச்சத்தில் பெரும்பங்கு பீட்டா குளூக்கான் வகை என்பதால் கொழுப்பு, சர்க்கரை கவலை உள்ளவர்களுக்கும் ஏற்றது.

20 முதல் 30 டிகிரி வெப்பத்தில் வளரும். வைக்கோல் போதும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, எம்டியு 1, ஏபிகே 1 போன்ற ரகங்கள் தமிழ்நாட்டுச் சூழலுக்கென்றே வந்தவை. காளான் வித்தும் பயிற்சியும் அங்கேயும் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கிடைக்கும். வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் வடித்து, பாலித்தீன் பையில் வைக்கோலும் வித்துமாக அடுக்கிக் கட்டினால் உருளைப் படுக்கை தயார். வெள்ளை இழை பை முழுக்கப் பரவி, மூன்று வாரத்தை ஒட்டி மொட்டு விடும். கிராமத்தில் வைக்கோல் கையிருப்பு உள்ளவர்களுக்குக் காளான் விலை கணக்கே மாறிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று, ஆயுள். அறை வெப்பத்தில் ஒரு நாள் தாண்டினால் ஓரம் மஞ்சளாகி, அம்மோனியா மாதிரி வாடை வரும். பாக்கெட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் வாங்காதீர்கள். குளிர்பதனப் பெட்டியிலும் இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. பிளாஸ்டிக்கில் இறுக்கி வைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். இரண்டு, வித்துத்துகள். சிப்பி முற்றினால் புகைபோல வித்துத்துகளைத் தூவும். வீட்டுக்குள்ளேயே வளர்ப்பவர்களுக்கு இருமலும் மூச்சிறைப்பும் வர இதுவே காரணம். தனி அறை, முகக்கவசம், குடை விரிந்து ஓரம் சுருள்வதற்குள் பறித்துவிடுவது என மூன்றையும் கடைப்பிடிக்க வேண்டும். படுக்கையறையில் பையைத் தொங்கவிடவே வேண்டாம்.

### பால் காளான்

இந்தியாவிலேயே கண்டெடுத்த காளான். மேற்கு வங்கத்திலிருந்து 1974-இல் விவரிக்கப்பட்டது. அதை வணிகப் பயிராக்கியது தமிழ்நாடு. ஏபிகே 2 என்ற ரகம் 1998-இல் வெளிவந்த பிறகுதான் இது சந்தைக்குப் பரவியது. பட்டனும் சிப்பியும் சுணங்கும் 30 முதல் 35 டிகிரியில் இது செழிக்கும் என்பதால் சித்திரை வெயிலிலும் கிடைக்கும்.

பெரிய பலம் ஆயுள். கனமான, கெட்டியான சதை. பறித்து இரண்டு மூன்று நாள் வெளியிலேயே தாங்கும், குளிர்பதனப் பெட்டியில் இன்னும் அதிகம். வாரம் ஒருமுறைதான் சந்தைக்குப் போக முடியும் என்பவர்களுக்கு இதுவே சரி. ஒரு பாக்கெட் சிப்பி கெட்டுக் குப்பைக்குப் போனால், அதன் விலையையும் அடுத்த பாக்கெட்டின் விலையில்தானே சேர்க்க வேண்டும்?

குறை: லேசான முள்ளங்கி வாடை, தண்டின் நார்த்தன்மை. தண்டைக் குறுக்கே மெல்லியதாக நறுக்கி, சிறிது கூடுதலாக வேகவிட்டால் வயதானவர்களாலும் மெல்ல முடியும். பிரியாணிக்கும் காரக்குழம்புக்கும் பட்டனைவிட நன்றாக நிற்கும், கரைந்து போகாது.

### வைக்கோல் காளான்

பறித்த அன்றே சாப்பிடக் கிடைப்பவர்களுக்கு மட்டும். குளிரில் வைத்தால் நீர்விட்டு உருகிவிடும் இயல்புடையது. கோயம்புத்தூரில் 1940-களிலேயே பயிரிட்டுப் பார்த்த காளான் இது என்றாலும், கடைக்கு வராததற்கு இதுவே காரணம்.

### உலர்ந்த காளானும் பொடியும்

காயவைத்தால் சத்து செறிவாகும், உண்மைதான். ஆனால் ஒரு தேக்கரண்டி பொடி 5 கிராம் என்றால் அதில் புரதம் ஒரு கிராம் அளவே. ரசத்திலும் சூப்பிலும் ருசிக்குச் சேர்க்கலாம். புரதப் பொடிக்குப் பதிலாக விலை கொடுத்து வாங்குவது வீண்.

## வாங்கிய பிறகு

காளானைச் சட்டியில் போட்டதும் நீர் விடும். அந்த நேரத்தில் எண்ணெயை ஊற்றினால் பஞ்சு மாதிரி குடித்துவிடும். 22 கலோரிக் காளான் 150 கலோரி ஆவது இப்படித்தான். முதலில் எண்ணெய் இல்லாமல் பெரிய தீயில் வைத்து, விட்ட நீரெல்லாம் அதிலேயே வற்றி, சட்டியில் சடசடவென்று சத்தம் மாறும் வரை கிளறுங்கள். பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெய், மிளகு, சீரகம் போதும். விட்ட நீரைக் கொட்டிவிடாதீர்கள். பி வைட்டமின்களும் பொட்டாசியமும் அதில் கரைந்திருக்கும்.

சமைக்கும் முன் நறுக்கிய துண்டுகளைத் தட்டில் பரப்பி, உச்சிவெயிலில் அரைமணி நேரம் வையுங்கள். காளானில் உள்ள எர்கோஸ்டெரால், புற ஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறும். இருட்டறையில் வளர்ந்த காளானில் அது கிட்டத்தட்ட இருக்காது. வெயில் பட்டால் 100 கிராமில் 10 மைக்ரோகிராம் அளவுக்கும் ஏறும். சைவ உணவில் வைட்டமின் டி தரும் பொருள் அரிது என்பதால், புரதத்தைவிட இதுவே காளான் வாங்க நல்ல காரணம். கண்ணாடி ஜன்னலுக்குள் வைத்தால் பயன் இல்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

பி12-க்குக் காளானை நம்பக் கூடாது. இருந்தாலும் மிகச் சொற்பம். முழுச் சைவர்கள் மருத்துவரிடம் பரிசோதித்து மாத்திரை எடுப்பதே வழி. சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 100 கிராம் பட்டனில் 318 மில்லிகிராமும் சிப்பியில் 420 மில்லிகிராமும் பொட்டாசியம் இருக்கிறது.

மழைக்குப் பிறகு புற்றோரம் முளைக்கும் காளானின் ருசி தனி. ஆனால் அதை அடையாளம் காணப் பழகிய கைகள் இல்லாமல் பறிக்காதீர்கள். வெள்ளிக்காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் எதையும் காட்டிக்கொடுக்காது. கொடிய வகைகளின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரமோ அதற்கும் மேலோ கழித்துத்தான் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். நடுவில் சரியானதுபோலத் தோன்றும்போது கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அப்படி ஏதும் நடந்தால், மிச்சமிருக்கும் காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.